முழவர் தலைமையும் மேடைப் பதிவுகளும்: ஆர்ட் பிளேக்கியின் இசைக்குழு பற்றிய ஓர் ஆய்வு

சிற்பியின் கைத்திறன் கல்லில் நிற்கும். புலவனின் சொல் ஏட்டில் நிற்கும். இசைவாணன் எழுப்பும் ஓசையோ எழுந்த கணத்திலேயே காற்றிற் கரைந்து மறையும். இதனால் இசை வரலாறு எழுதப் புகுந்தோர், சுரக் குறிப்புகளையும் கேட்டோர் எழுதிவைத்த செய்திகளையும் வழிவழி வந்த செவிச்செய்திகளையுமே நெடுங்காலம் சான்றாகக் கொள்ள வேண்டியவராயினர். இருபதாம் நூற்றாண்டில் இந்நிலை மாறிற்று. ஒலிப்பதிவுக் கருவி, ஓசையையே சான்றாக்கி வரலாற்றாசிரியனின் முன் வைத்தது.

ஐக்கிய அமெரிக்காவிற் கறுப்பின மக்களிடையே தோன்றி வளர்ந்த ஜாஸ் இசைக்கு இச்சான்று மிகவும் இன்றியமையாதது. ஜாஸ் கலைஞர் எழுதிய சுரத்தை எழுதியவாறே வாசிப்பவர் அல்லர். ஒரு பாட்டின் கட்டமைப்பை உள்ளத்திற் கொண்டு, மேடையில் நிற்கும் அவ்வேளையிலேயே புதுவது புனைந்து வாசிப்பவர். நம் இசைவாணர் மனோதர்மம் எனக் கூறுவதனோடு இஃது ஒருபுடை ஒப்பது. ஆகவே ஒரு குறிப்பிட்ட இரவில் வாசிக்கப்பட்டது பதிவாகாவிடின், அவ்விரவோடு அது மறைந்தொழியும்.

ஆர்ட் பிளேக்கி என்னும் முழவுக் கலைஞர் ஜாஸ் மெசெஞ்சர்ஸ் எனப்பட்ட குழுவை முப்பத்தைந்து ஆண்டுகள் அளவில் நடத்தினார். அக்குழு மேடையில் வாசித்தபோது எடுக்கப்பட்ட பதிவுகள் பல. அவற்றைக் கேட்போர்க்கு ஒரு வினா எழுதல் இயல்பு. குழு வாசித்த உருப்படிகளிற் பெரும்பாலானவற்றை ஆக்கியோர் பிறர். தனி வாசிப்பிற் புகழ் பெற்றோரும் பிறர். காலத்தைக் காட்டிப் பக்கவாத்தியமாய் நிற்கும் முழவை வாசித்த ஒருவர் அக்குழுவின் தலைவர் எனப்பட்டது எவ்வாறு? அது பெயரளவிலான தலைமையா, மெய்யான தலைமையா? இவ்வினாவிற்கு விடையை அப்பதிவுகளிலேயே தேடுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஹார்ட் பொப் தோன்றிய சூழல்

1940ஆம் ஆண்டை அடுத்த காலத்தில், நியூயோர்க் நகரின் ஹார்லம் பகுதியிலிருந்த மிண்டன்ஸ் முதலிய விடுதிகளில் இளங்கலைஞர் சிலர் ஒரு புதிய முறையை வளர்த்தனர். சார்லி பாக்கர், டிசி கிலெஸ்பி, தெலோனியஸ் மொங்க் என்போர் இவர்களுட் தலையாயவர். விரைந்த நடையும் சிக்கலான சுரக்கோவையும் கொண்ட அம்முறை பீபொப் எனப்பட்டது. அது நடனத்திற்குரிய இசையாக இராது, அமர்ந்து கேட்டற்குரிய இசையாக ஜாஸை மாற்றிற்று.

1950ஆம் ஆண்டை அடுத்து, மென்மையும் அடக்கமும் வாய்ந்த ‘கூல்’ என்னும் முறை, சிறப்பாகக் கலிபோர்னியா மாநிலத்தில், செல்வாக்குப் பெற்றது. கிழக்குக் கரை நகரங்களின் கறுப்பின இளைஞர் பலர் வேறொரு வழியை நாடினர். பீபொப்பின் நுட்பங்களைக் கைவிடாமலே, தம் மக்களின் புளூஸ் பாடல்களிலும் தேவாலய வழிபாட்டுப் பாடல்களிலும் ஊறியிருந்த உணர்ச்சியை அவர்கள் மீண்டும் ஜாஸினுட் கொணர்ந்தனர். இதுவே பின்னர் ஹார்ட் பொப் என்ற பெயர் பெற்றது. இம்முறையில் முழவின் ஒலி முன்னிலும் உரத்து, முன்னிலும் முதன்மை பெற்று விளங்கிற்று.

பிளேக்கியின் முற்பகுதி வாழ்க்கை

பிளேக்கி 1919ஆம் ஆண்டு ஒற்றோபர் 11ஆம் நாள் உருக்காலைகள் நிறைந்த பிற்ஸ்பேர்க் நகரிற் பிறந்தார். தொடக்கத்திற் பியானோ வாசித்த அவர், பின்னரே முழவுக்கு மாறினார். தாம் வேலை செய்த விடுதியின் உரிமையாளன், எரல் கார்னர் என்னும் வேறோர் இளைஞரைப் பியானோவில் அமர்த்தி, கைத்துப்பாக்கியைக் காட்டித் தம்மை முழவினிடம் அனுப்பினான் என்று பிளேக்கியே கதையாகக் கூறுவதுண்டு. கதை எத்துணை மெய்யாயினும் ஆகுக. கார்னர் பின்னாளிற் பெரும் பியானோக் கலைஞராய்ப் புகழ் பெற்றார் என்பதும், பிளேக்கி முழவில் நிலைபெற்றார் என்பதும் உண்மை.

பிளெச்சர் ஹென்டர்சனின் குழுவில் வாசித்த பின்னர், 1944 முதல் 1947 வரை பில்லி எக்ஸ்ரைனின் பெருங்குழுவில் அவர் பணியாற்றினார். கிலெஸ்பியும் பாக்கரும் அக்குழுவில் இடம்பெற்றிருந்தமையால் அது பீபொப்பின் பயிற்சிக்கூடமாயிற்று. அதன்பின் அவர் மேற்கு ஆபிரிக்காவிற்குச் சென்றார். முழவு கற்கும் பொருட்டன்று, சமயமும் தத்துவமும் பயிலும் பொருட்டே தாம் சென்றதாகப் பின்னர் வற்புறுத்திக் கூறினார். இஸ்லாம் சமயத்தைத் தழுவி அப்துல்லா இப்ன் புஹைனா என்னும் பெயரையும் ஏற்றார். நண்பர் அவரை ‘பூ’ எனச் சுருக்கி அழைத்தது இப்பெயர் பற்றியே.

இசைத்தட்டின் மாற்றம்

மேடைப் பதிவுகள் பெருகியமைக்குக் கலைஞரின் விருப்பம் மட்டும் காரணமன்று. கருவியின் வளர்ச்சியும் காரணமாகும். நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டின் பத்து அங்குலப் பக்கம் ஒன்றில் ஏறத்தாழ மூன்று நிமிட இசையே அடங்கும். மேடையிற் பத்து நிமிடம் விரிந்து செல்லும் வாசிப்பை அதனுட் புகுத்தல் இயலாது. ஆதலாற் பழைய தட்டுகளில் நாம் கேட்பது பெரும்பாலும் சுருக்கப்பட்ட இசையே.

இரண்டாம் உலகப் போரின் பின் காந்த ஒலிநாடா அமெரிக்காவிற் பரவிற்று. 1948ஆம் ஆண்டிற் கொலம்பியா நிறுவனம் நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டை வெளியிட்டது. அதன் பன்னிரண்டு அங்குலப் பக்கம் ஒன்றில் இருபது நிமிடத்திற்கும் மேலாக இசை அடங்கிற்று. பெனி குட்மன் 1938ஆம் ஆண்டிற் கார்னகி மண்டபத்தில் நடத்திய கச்சேரியின் பதிவு 1950ஆம் ஆண்டில் வெளிவந்து பெரும் வரவேற்புப் பெற்றது. பிளேக்கியின் மேடைப் பதிவுகளுக்கு வழி இவ்வாறு திறந்தது.

1954 பெப்ரவரி 21

பாக்கரின் ‘பேர்ட்’ என்னும் பட்டப் பெயரைத் தழுவிப் பேர்ட்லாண்ட் எனப்பட்ட விடுதி, நியூயோர்க்கின் புரோட்வே வீதியில் 1949ஆம் ஆண்டு திசெம்பரில் திறக்கப்பட்டது. 1954ஆம் ஆண்டு பெப்ரவரி 21ஆம் நாள் இரவு, புளூ நோட் நிறுவனத்தார் தம் கருவிகளை அங்குக் கொண்டுசென்றனர். அந்நிறுவனத்தை 1939ஆம் ஆண்டிற் தொடங்கிய அல்பிரட் லயன், ஜெர்மனியிலிருந்து குடிபெயர்ந்தவர். ஒலிப்பதிவு செய்த ரூடி வான் கெல்டர், பகலிற் கண்பரிசோதனைத் தொழில் புரிந்தவர். நியூ ஜேர்சி மாநிலத்து ஹக்கன்சாக்கில் தம் பெற்றோரின் இல்லத்து வரவேற்பறையையே ஒலிப்பதிவுக் கூடமாக்கியிருந்தவர்.

அன்று மேடையேறியோர் ஐவர். முழவில் முப்பத்துநான்கு வயதினரான பிளேக்கி. ட்ரம்பெட்டில் இருபத்துமூன்று வயதினரான கிளிபர்ட் பிரவுண். அல்ற்றோ சக்சபோனில் லூ டொனல்ட்சன். பியானோவில் ஹொரஸ் சில்வர். பெரு வயலின் போன்ற பாஸ் வாத்தியத்திற் கேர்லி ரசல். அறிவிப்பாளர் பீ வீ மார்க்கெட் உரத்த குரலில் இவர்களை அறிமுகம் செய்வது பதிவின் தொடக்கத்திற் கேட்கும். பதிவு முதலிற் பத்து அங்குல இசைத்தட்டுகள் மூன்றாக வெளிவந்தது. ஜாஸ் மெசெஞ்சர்ஸ் என்னும் பெயர் அப்போது இக்குழுவிற்கு இடப்படவில்லை. ஆர்ட் பிளேக்கியின் ஐவர் குழு என்றே அது குறிக்கப்பட்டது.

இப்பதிவில் முழவு செய்யும் தொழிலைக் கூர்ந்து நோக்குதல் தகும். காலால் மிதித்து இயக்கப்படும் இணைத்தட்டு, நான்கெண்ணிக்கையின் இரண்டாவதிலும் நான்காவதிலும் தவறாது மூடி ஒலிக்கின்றது. அதன்மேல் வலக்கைக் கோல் பெருந்தட்டில் நடையை நடத்துகின்றது. ஒருவரின் தனி வாசிப்பு ஒரு சுற்றை முடிக்கும் தறுவாயில், சிறு முழவின் தோலிற் கோல்களை அழுத்தி உருட்டும் ஓசை அடியிலிருந்து அலைபோல் எழுகின்றது. அவ்வலை உடையும் இடத்தில் அடுத்த சுற்றுத் தொடங்குகின்றது. சோர்வு தோன்றும் இடத்தில் முழவு தூண்டுகின்றது. நிரம்பிய இடத்தில் அடங்குகின்றது. ‘வன்ஸ் இன் எ வைல்’ என்னும் மெல்லிய பாட்டைப் பிரவுண் வாசிக்கும்போது, முழவு ஏறத்தாழப் பின்புலமாகவே ஒதுங்கி நிற்றலையும் காணலாம். இங்ஙனம் வாசிப்பின் வடிவையே வகுப்பது முழவாகும். முழவரின் தலைமை யாது என்ற வினாவிற்கு முதல் விடை இதுவே.

பிரவுண் இதன்பின் இரண்டு ஆண்டுகளும் சில மாதங்களுமே உயிர்வாழ்ந்தார். 1956ஆம் ஆண்டு யூன் 26ஆம் நாள் பென்சில்வேனியா நெடுஞ்சாலையிற் கார் விபத்தில் மாண்டபோது அவருக்கு வயது இருபத்தைந்து. அவ்விரவு பதிவாகாதிருந்திருப்பின் எஞ்சியிருக்கக்கூடியது, கேட்டோரின் நினைவன்றி வேறில்லை.

சான்றின் வலுவும் எல்லையும்

இப்பதிவில் வாத்தியங்களன்றிப் பிளேக்கியின் பேச்சும் இடம்பெற்றுள்ளது. அதில் இரு பகுதிகள் வரலாற்று மாணவர்க்குப் பயன்படுவன.

கிலெஸ்பி ஆக்கிய ‘எ நைட் இன் துனீசியா’ என்னும் உருப்படியை அறிமுகம் செய்யும்போது, டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு குப்பைத் தொட்டியின் அடிப்புறத்தை மேசையாகக் கொண்டு கிலெஸ்பி அதனை எழுதியபோது தாம் உடனிருந்ததாகப் பிளேக்கி கூறுகின்றார். அவையோர் நகைக்கின்றனர். ஆயின் அவ்வுருப்படி 1942ஆம் ஆண்டளவில் ஆக்கப்பட்டது என்பதே பொதுவான கொள்கை. பிளேக்கியும் கிலெஸ்பியும் எக்ஸ்ரைனின் குழுவில் ஒன்றுகூடியதோ 1944ஆம் ஆண்டில். கூற்று பதிவாகியிருத்தல் கூற்று மெய்யாதற்குச் சான்றாகாது. கூறியவர் இன்னார், கூறியது இன்ன நாளில், கேட்டோர் நகைத்தனர் என்பவற்றையே பதிவு உறுதி செய்யும்.

மற்றைய பகுதி வேறு தன்மையது. தாம் இளைஞருடனேயே இருக்கப் போவதாகவும், இவர்கள் முதிர்ந்தபின் இவர்களினும் இளையோரைத் தேடிக்கொள்ளப் போவதாகவும், அது தம் உள்ளத்தைச் சோராது வைத்திருக்கும் என்றும் பிளேக்கி அவ்வேளையிற் சொல்கின்றார். முன்னதைப் போன்றே இதுவும் நகைச்சுவையாகச் சொல்லப்பட்டது. எனினும் இதன் வாய்மையைப் பிற்காலப் பதிவுகள் கொண்டு சோதித்தல் கூடும்.

குழு பிரிதலும் பெயர் நிலைத்தலும்

1955ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், நியூயோர்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியிலிருந்த கபே பொஹீமியா விடுதியில் அடுத்த பெரும் பதிவு நிகழ்ந்தது. இப்போது ஜாஸ் மெசெஞ்சர்ஸ் என்னும் பெயர் குழுவிற்கு அமைந்துவிட்டது. பிளேக்கியும் சில்வரும் தொடர்ந்தனர். ட்ரம்பெட்டிற் கென்னி டோர்ஹம், தெனர் சக்சபோனில் ஹாங்க் மொப்லி, பாஸ் வாத்தியத்தில் டக் வொட்கின்ஸ் என்போர் புதியோர். அக்காலத்து இக்குழு, உறுப்பினர் அனைவர்க்கும் பொதுவான கூட்டு முயற்சியாகவே கருதப்பட்டது.

1956ஆம் ஆண்டிற் சில்வர் பிரிந்து சென்று தம் பெயரில் வேறு குழு அமைத்தார். ஏனையோரும் பிரிந்தனர். பெயர் பிளேக்கியிடம் எஞ்சிற்று. ஒரு குழுவின் உருப்படிகளை ஆக்கியவரும் முன்னின்று வாசித்தோரும் அகன்றபின் அக்குழு அழிதலே உலகியல்பு. இக்குழு அழியவில்லை. 1958ஆம் ஆண்டிற் பெனி கொல்சன், லீ மோர்கன், பொபி ரிம்மன்ஸ், ஜிம்மி மெரிற் என்போரைக் கொண்டு பிளேக்கி குழுவைப் புதுக்கினார். இவர்களுட் மோர்கனுக்கு அப்போது வயது இருபது.

அவ்வாண்டு ஒற்றோபரில் ரிம்மன்ஸ் ஆக்கிய ‘மோனின்’ என்னும் உருப்படி கூடத்திற் பதிவாயிற்று. ஒருவர் அழைக்க ஏனையோர் விடையிறுக்கும் தேவாலய முறையில் அது அமைந்தது. திசெம்பர் 21ஆம் நாள் பரிசின் கிளப் சென் ஜெர்மனில் அதனை வாசித்தபோது, கேட்டிருந்த ஒருவர் தம்மை மறந்து இறைவனை விளித்துக் கூவினார். அவர் அந்நாளிற் பரிசில் வாழ்ந்த அமெரிக்கப் பியானோக் கலைஞர் ஹேசல் ஸ்கொட். அவ்வுருப்படியின் பெயரோடு ஹேசலின் பெயரும் அத்தட்டிற் பொறிக்கப்பட்டது. கூடத்துப் பதிவில் இத்தகைய விடை கிட்டுதல் அரிது. மேடைப் பதிவில் அவையும் ஒரு வாத்தியமாகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

பேர்ட்லாண்டும் அதன் வாயிலும்

கூடமும் மேடையும் வேறுபடுமாற்றை ஒப்புநோக்குதற்கு 1959ஆம் ஆண்டு நல்ல வாய்ப்பளிக்கின்றது. அவ்வாண்டு மார்ச் 8ஆம் நாள், மொப்லி மீண்டும் இடம்பெற்ற குழு, வான் கெல்டரின் கூடத்தில் ஆறு உருப்படிகளைப் பதிவு செய்தது. ஏப்பிரல் 15ஆம் நாள் அதே குழு பேர்ட்லாண்டில் வாசித்தபோது, அவ்வாறனுள் நான்கு உருப்படிகள் மீண்டும் பதிவாயின. நிறுவனத்தார் மேடைப் பதிவையே வெளியிட்டனர். கூடத்துப் பதிவு அறுபது ஆண்டுகளுக்கு மேலாக வெளிவராதிருந்து, 2020ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. இன்று இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பவர், கூடத்துப் பதிவில் யாதொரு குறையும் காணார். எனினும் மேடையிற் கனல் மிகுதி. நிறுவனத்தார் அதனையே தேர்ந்தமை பொருத்தமெனவே தோன்றும்.

அவ்விடுதியின் வாயிலில் நிகழ்ந்தது வேறு. அவ்வாண்டு ஓகஸ்ட் 25ஆம் நாள், பேர்ட்லாண்டில் வாசித்துக்கொண்டிருந்த மைல்ஸ் டேவிஸ், இடைவேளையில் வெளியே வந்து, வெள்ளைப் பெண்மணி ஒருவரை வாடகைக் காரில் ஏற்றிவிட்டு வாயிலில் நின்றார். அவரை அப்பாற் செல்லுமாறு பொலிசார் பணித்தனர். தாம் உள்ளே வாசிப்பவர் என அவர் கூறியும் பயனில்லை. தலையில் அடிபட்டுக் குருதி வழியச் சிறைப்படுத்தப்பட்டார். அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்கள் பின்னர்த் தள்ளுபடியாயின. உள்ளே கைதட்டிப் போற்றப்பட்ட கலைஞர், வாயிற்படியைக் கடந்ததும் குடிமகனாகவும் மதிக்கப்பட்டிலர். ஹார்ட் பொப் இசையின் உரத்த குரலையும் விட்டுக்கொடாத நடையையும் கேட்போர், அவ்வாயிற்படியையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

1960ஆம் ஆண்டு செப்தெம்பர் 14ஆம் நாள் அதே விடுதியிற் பதிவான இசையில், மொப்லியின் இடத்தில் வெயின் ஷோர்ட்டர் வாசித்தார். 1961ஆம் ஆண்டு யனவரியிற் குழு யப்பானுக்குச் சென்றது. அங்கு கிடைத்த பெருவரவேற்பையும், தம்மை மனிதராக மதித்தமையையும் பிளேக்கி பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். தோக்கியோவின் ஹிபியா மண்டபத்தில் யனவரி 14ஆம் நாள் நிகழ்ந்த கச்சேரியின் பதிவு, 2021ஆம் ஆண்டில் இசைத்தட்டாக வெளிவந்தது. அறுபது ஆண்டுகள் மறைந்து கிடந்த சான்று, வாசித்தவருட் பலர் மறைந்தபின் பேசத் தொடங்கிற்று.

அப்பயணத்தின் சுவடு 1963ஆம் ஆண்டு யூன் 16ஆம் நாட் பேர்ட்லாண்டுப் பதிவிலும் உண்டு. அதற்கு இடப்பட்ட ‘உகெற்சு’ என்பது யப்பானியச் சொல். அப்பெயருடைய உருப்படியை ஆக்கியவர் பியானோக் கலைஞர் சீடர் வோல்ற்றன். தோக்கியோவின் கின்சா வீதியின் பெயரால் ஷோர்ட்டர் ஆக்கிய உருப்படியும் அதில் உளது. பிரெடி ஹபர்ட், கேர்ற்றிஸ் புல்லர், ரெஜி வேர்க்மன் என்போரும் சேர்ந்த அறுவர் குழு அது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவ்விடுதியில் வாசித்த ஐவருட் பிளேக்கி ஒருவரே எஞ்சியிருந்தார். ஆயினும் முழவின் அவ்வுருட்டொலியைக் கேட்டதும் குழு இன்னதென எவரும் அறிவர். பேர்ட்லாண்ட் விடுதி 1965ஆம் ஆண்டில் மூடப்பட்டது.

பிற்காலம்

அடுத்த பதினைந்து ஆண்டுகள் இக்குழுவிற்கு எளியனவாக இருக்கவில்லை. றொக் இசை கேள்வியாளரை ஈர்த்தது. ஜாஸ் கலைஞர் பலர் மின் வாத்தியங்களுக்கு மாறினர். பிளேக்கி தம் வழியை விட்டு அகன்றிலர். 1980ஆம் ஆண்டிற் பதினெட்டு வயதினரான வின்ரன் மார்சலிஸ் குழுவிற் சேர்ந்தார். 1981ஆம் ஆண்டிற் சான் பிரான்சிஸ்கோவின் கீஸ்ரோன் கோர்னர் விடுதியிற் பதிவான இசையில் அவ்விளைஞரின் ட்ரம்பெட்டைக் கேட்கலாம். அறுபதைக் கடந்த முழவர், பதின்ம வயதினர் ஒருவரைத் தூண்டியும் அடக்கியும் நடத்தும் முறை, 1954இல் அவர் பிரவுணை நடத்திய முறையே ஆகும். மார்சலிஸ் பிரிந்தபின் ரெரன்ஸ் பிளான்சார்ட் அவ்விடத்திற்கு வந்தார். நியூயோர்க்கின் மிக்கெல்ஸ் விடுதியிற் பதிவாகி 1984ஆம் ஆண்டில் வெளிவந்த மேடைப் பதிவு, கிராமி விருதும் பெற்றது.

1990ஆம் ஆண்டு ஒற்றோபர் 16ஆம் நாள், எழுபத்தோராவது பிறந்தநாள் கழிந்த ஐந்தாம் நாள், பிளேக்கி நியூயோர்க்கிற் காலமானார்.

முடிபு

மேற்கூறியவற்றால் இரண்டு உண்மைகள் பெறப்படும். முதலாவது, பிளேக்கியின் தலைமை பெயரளவினதன்று. உருப்படியை ஆக்கியோர் பிறராயினும், அதனை மேடையில் எழுப்பியும் தாழ்த்தியும் முடித்தும் வடிவு தந்தது முழவே. இதனை எழுத்துக் குறிப்பு எதுவும் காட்டாது. மேடைப் பதிவு ஒன்றே காட்டும்.

இரண்டாவது, இப்பதிவுகளை ஆண்டு முறைப்படி அடுக்கிக் கேட்பவர் ஒரு கல்விக்கூடத்தின் வரவுப் பதிவேட்டைப் புரட்டுபவர் ஆவர். சில்வர், மொப்லி, மோர்கன், ஷோர்ட்டர், ஹபர்ட், மார்சலிஸ் என ஒவ்வொருவராக வந்து, கற்று, புகழ் பெற்று, அகல்கின்றனர். தேர்ந்த மாணாக்கரைத் தம்மிடமே நிறுத்திக்கொள்ளப் பிளேக்கி முயன்றிருப்பின், அவர்களோடு அவர் குழுவும் முதுமையெய்தி மடிந்திருக்கும். அவர்கள் அகலுதற்கு இடமளித்தமையால் அது முப்பத்தைந்து ஆண்டுகள் இளமையோடு இருந்தது. 1954ஆம் ஆண்டில் நகைச்சுவையாகக் கூறிய சொல்லை அவர் வாழ்நாள் முழுவதும் கடைப்பிடித்தார் என்பதற்கு இசைத்தட்டுகளே சான்று. குப்பைத் தொட்டிக் கதையை ஐயுறும் வரலாற்றாசிரியனும் இச்சொல்லை ஐயுறான்.

கற்பித்தலைத் தொழிலாகக் கொண்டோர்க்கும் கற்றுப் பிரிந்து செல்வோர்க்கும் இதனாற் பெறப்படும் பொருள் வெளிப்படை. ஆசிரியனின் ஆற்றல், மாணாக்கன் அவனை விட்டுச் சென்றபின் வாசிக்கும் வாசிப்பில் அறியப்படும்.